உத்தனப்பள்ளிக்கு வராத ராஜாஜி

ராஜாஜியைப் பற்றித் தமிழில் இரண்டே கட்டுரைகள்தாம் உள்ளன. மற்றவையெல்லாம் அவற்றின் மறுபதிப்புகள். முதற் கட்டுரையில் அவர் மூதறிஞர். வியாசர் விருந்து படைத்தவர். 1958இல் சக்கரவர்த்தித் திருமகனுக்காகச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாய் நின்ற துறவி. இரண்டாவதில் அவர் ஆச்சாரியார், குலக்கல்வி கொண்டுவந்தவர், இந்தியைத் திணித்தவர், சூழ்ச்சியின் மறுபெயர். பிறந்த நாளும் இறந்த நாளும் டிசம்பரிலேயே வந்துவிட்டதால், ஆண்டின் கடைசி மாதத்தில் இரு கட்டுரைகளும் தவறாமல் மறுபிறவி எடுக்கின்றன. எழுதுகிறவர்களுக்கும் உழைப்பு மிச்சம். வாசிக்கிறவர்களுக்கும் மன அமைதி மிச்சம்.

இவ்விரு கட்டுரைகளுக்கும் வெளியே ஒரு ராஜாஜி இருக்கிறார். சட்டம் இயற்றியவர், சட்டத்தை எதிர்த்தவர், அரசு எதைச் செய்யலாம் எதைச் செய்யலாகாது என்று முப்பத்தைந்து ஆண்டுகள் ஓயாமல் வாதிட்ட பழமைவாதி. அந்த மனிதரை நம் இலக்கியச் சூழல் வாசித்ததே இல்லை என்பது எங்கள் குற்றச்சாட்டு. வாசிக்காததனால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. நட்டம் யாருக்கு என்பதைச் சொல்லவே உத்தனப்பள்ளிவரை போகவேண்டியிருக்கிறது.

*

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். தொரப்பள்ளி அந்தப் பக்கம்தான். 1878 டிசம்பர் 10இல் ராஜாஜி பிறந்த வீடு இன்று அரசின் நினைவில்லம். அதே சாலையில் மேலும் சில மைல் போனால் உத்தனப்பள்ளி. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் ஊர்கள். கேழ்வரகு, தக்காளி, முட்டைக்கோசு, மா, ரோஜா. கூடவே இருசக்கர வாகனம் முதல் கைப்பேசிப் பாகம் வரை செய்யும் ஆலைகள், ஆலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகள், வீட்டுமனை விளம்பரப் பலகைகள்.

இந்த உத்தனப்பள்ளியிலும் அண்டையிலுள்ள அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளிலும் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் சிப்காட்டின் ஐந்தாம் தொழிற்பேட்டை அமைக்கும் திட்டம் எழுந்தபோது உழவர்கள் எதிர்த்தார்கள். 2023இல் மாதக்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். நாளேடுகளின் மாவட்டப் பக்கத்தில் அது செய்தியாயிற்று. நம் பத்திரிகைகளில் அது எதுவாகவும் ஆகவில்லை. நிலம், மண், வேர், ஐந்திணை என்று பக்கம் பக்கமாக எழுதும் நம்மவர்களுக்கு நிலம் ஒரு படிமம். பட்டா எண்ணுள்ள நிலம் அவர்களுக்கு அருவருப்பு.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கேட்ட கேள்வி எளியது: பயிரிடுகிறவன் வேண்டாம் என்று சொல்லும்போது, அரசு தானே விலை நிர்ணயித்து, தானே பொதுநலம் என்று சான்று கொடுத்து, தானே எடுத்துக்கொள்ளலாமா? இதே கேள்வியைத் தன் எண்பதாம் வயதில் எழுப்பி அதற்காகவே ஒரு கட்சியைத் தொடங்கியவர், அதே சாலையில் பிறந்த மனிதர். அவருடைய பெயர் அந்த நிலத்தில் ஒலிக்க இடமிருந்தும், ஒலிக்க வைக்கும் மரபொன்றை எவரும் வளர்க்கவில்லை. ஏன்?

*

பதிலைத் தேடுமுன் ஒரு பழைய கதை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் அவை. ஓசூரை உள்ளடக்கிய மேட்டுநிலமான பாலாகாட் 1799இல் வந்து சேர்ந்தது. பாராமகாலை அளக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. வங்காளத்தில் ஜமீன்தாரை இடையில் வைத்தது போலன்றி, உழுகிறவனையே நேரில் அழைத்துத் தீர்வை பேசும் முறையை இவர்கள் இந்த மண்ணில்தான் சோதித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய இரயத்துவாரி முறையின் தொட்டில் இதுவே. அந்த முறையின் கொடுமைகள் ஒருபுறமிருக்க, ‘என் பேரில் பட்டா இருக்கிறது’ என்று ஓர் உழவன் சொல்லும் வாக்கியத்தின் வம்சாவளி இங்கிருந்து தொடங்குகிறது.

இந்த வாக்கியத்தின் பொருட்டு அரசியல் சட்டமே ஒருமுறை திருத்தப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1951இல் வந்த முதலாம் திருத்தம், ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை நீதிமன்றத்தினின்றும் காக்க 31ஏ பிரிவையும் ஒன்பதாம் அட்டவணையையும் சேர்த்தது. அதில் ‘எஸ்டேட்’ என்ற சொல் ஜமீன் போன்ற நிலங்களைக் குறித்தது. பழைய சென்னை மாகாணத்திலிருந்து கேரளத்துக்குப் போன காசர்கோடு, ஓசதுர்க்கம் பகுதிகளின் இரயத்துவாரி நிலங்கள் அச்சொல்லுக்குள் அடங்கா என்று 1961இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964இல் சென்னை மாநிலத்தின் நில உச்சவரம்புச் சட்டத்தையும் அந்நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஜூனில் பதினேழாம் திருத்தம் வந்து, இரயத்துவாரி நிலத்தையும் ‘எஸ்டேட்’ என்ற சொல்லுக்குள் இழுத்துப்போட்டது. ராஜாக்களின் ஆயிரக்கணக்கான ஏக்கரும், மன்றோவின் இரயத்துடைய இரண்டு ஏக்கர் புன்செயும் சட்டத்தின் அகராதியில் ஒரே சொல்லாயின.

ராஜாஜியும் அவருடைய சுதந்திராக் கட்சியும் இத்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டதே அக்கட்சி பிறக்க உடனடிக் காரணம். அவருடைய வாதத்தை அதன் எலும்புக்கூட்டுக்குச் சுருக்கினால் இவ்வளவுதான்: நிலம் கையை விட்டுப் போனால் உழவன் அரசின் கூலியாவான், கூலியானவன் அரசை எதிர்த்து வாக்களிக்க அஞ்சுவான், ஆகவே சொத்துரிமை என்பது பேச்சுரிமையின் அடித்தளம். ‘பர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்’ என்று அவர் பெயரிட்ட அமைப்பின் மீது அவர் கொண்ட வெறுப்பும் இந்த வாதத்தின் நீட்சியே. அனுமதி கொடுக்கும் கையைக் கும்பிட்டே வாழவேண்டியவனுக்கு முதுகெலும்பு நிமிராது என்பது அவர் கட்சி.

இவ்வாதத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது எளிது. 2023இல் உத்தனப்பள்ளியில் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தவனிடம் போய் அப்படிச் சொல்வது அவ்வளவு எளிதன்று.

*

இத்தனை சொன்னதால் எங்களையும் முதற்கட்டுரைக்காரர்களின் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். ராஜாஜியை உண்மையில் வாசிக்கத் தொடங்கினால் முதலில் இடறுவது அவருடைய பக்தர்களின் கால்தான்.

அரசின் கையைக் கட்டவேண்டும் என்று சொன்னவர், அந்தக் கை தன்னுடையதாக இருந்தபோது என்ன செய்தார்? 1938இல் உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் மீது, எந்தச் சட்டத்தை ஆங்கிலேயர் காங்கிரஸ்காரர்கள் மீது ஏவினார்களோ அதே குற்றவியல் திருத்தச் சட்டத்தை ஏவினார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தார்கள். பட்டேலின் மறைவுக்குப் பின் 1950 இறுதியில் மத்திய உள்துறை அமைச்சரான அவர், தடுப்புக்காவல் சட்டத்தின் ஆயுளை நீட்டிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் தாமே நடத்திச் சென்றார். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கைப்பட வந்ததே. எல்லாவற்றுக்கும் மேலாக, சொத்துரிமையின் மீது விழுந்த முதல் கோடரி என்று அவருடைய கட்சியினர் பின்னாளில் புலம்பிய அந்த முதலாம் திருத்தம் நிறைவேறியபோது, நேருவின் அமைச்சரவையில் அவர் அமர்ந்திருந்தார். 1953இன் தொடக்கக் கல்வித் திட்டத்தையும் சட்டமன்றத்தில் மசோதாவாக வைத்து வாதிட்டு வெல்ல அவர் முயலவில்லை; நிர்வாக முடிவாகவே அது பள்ளிக்கூடங்களில் இறங்கியது. அரசு தந்தையைப் போல நடக்கலாகாது என்று 1959இல் சொன்னவர், 1953இல் பிள்ளைகளிடம் தந்தையின் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபக்கமும் உண்டு. அதை இரண்டாம் கட்டுரைக்காரர்கள் எழுதுவதில்லை. 1938இன் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அவருடைய முதல் ஆட்சியில் வந்தது. 1937 அக்டோபர் முதல் நாள்வரை சேர்ந்திருந்த பழைய கடன்களின் வட்டி நிலுவையை அது ஒழித்தது. அசலைப் போல் இருமடங்கு கட்டிவிட்டவனின் கடனைத் தீர்ந்ததாக்கியது. மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் அதே அக்டோபர் முதல் நாள் தொடங்கிவைத்தவர், அதனால் விழுந்த வருவாய்ப் பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1952இல் தஞ்சைப் பண்ணையாட்களையும் குத்தகைதாரரையும் வெளியேற்றத்தினின்று காக்க அவசரச் சட்டம் பிறப்பித்தார். எழுதிவைத்த ஒப்பந்தத்தில் அரசு தலையிடலாகாது என்று நம்பும் மனிதர் செய்யும் காரியங்கள் அல்ல இவை. திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் உழவனின் கடனையும் கள்ளுக்கடையையும் கண்ணால் கண்டவர், ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே இதழ் நடத்தியவர், சந்தையே தெய்வம் என்று எந்நாளும் நம்பியிருக்க முடியாது.

ஆக, சட்டமன்ற ராஜாஜிக்குக் கொள்கை இல்லையா? இருந்தது. உழவன் வாழவேண்டும், அவனை வாழ்விப்பவர் யார், எந்த வேகத்தில், எந்த எல்லைவரை என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் தம்மைப் போன்ற அறிந்தவர்களிடம் இருக்கவேண்டும். இந்தப் புள்ளியில்தான் பழமைவாதி தோற்கிறார். அதிகாரம் தம்மிடம் இருந்தவரை அதன் வரம்பு அவர் கண்ணில் படவில்லை. அது கையை விட்டுப் போன பிறகே வரம்பின் தேவை தெரிந்தது. இது ராஜாஜியின் தனிக்குறை மட்டுமன்று. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து உரிமை பேசி, எதிர்வரிசைக்கு மாறியதும் அவசரச் சட்டம் பேசும் இந்த மரபுக்கு அவர் மூத்த முன்னோடி.

*

இனி, சொத்துரிமை என்ற சொல் எப்படி அநாதையானது என்று பார்ப்போம்.

சுதந்திராக் கட்சி 1962இல் மக்களவையில் 18 இடங்களும் 1967இல் 44 இடங்களும் பெற்றது. அந்த இடங்களில் அமர்ந்தவர்களில் ஒரிசாவின், குஜராத்தின், இராஜஸ்தானத்தின் அரச குடும்பத்தாரும் நிலக்கிழார்களும் ஏராளம். உழவனின் இரண்டு ஏக்கருக்காகத் தொடங்கிய வழக்கை மகாராஜாக்களின் வாயால் வாதிட்டதன் விளைவு, சொத்துரிமை என்றாலே பணக்காரர் உரிமை என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றியது. இடதுசாரிகள் அதைச் சொன்னார்கள். சுதந்திராக் கட்சியின் வேட்பாளர் பட்டியல் அதை மெய்ப்பித்தது.

1971இல் இருபத்தைந்தாம் திருத்தம் ‘இழப்பீடு’ என்ற சொல்லை அகற்றி ‘தொகை’ என்ற சொல்லை வைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தார். 1974இல் அவருடைய கட்சியின் பெரும்பகுதி பாரதிய லோக்தளத்தில் கரைந்தது. அது 1977இல் ஜனதாவில் கரைந்தது. அந்த ஜனதா அரசுதான் 1978இல் நாற்பத்து நான்காம் திருத்தத்தின் வழியாகச் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே நீக்கி, 300ஏ என்ற ஓரமான பிரிவில் கொண்டுபோய் வைத்தது. ராஜாஜியின் கட்சி எந்த உரிமைக்காகப் பிறந்ததோ, அந்த உரிமையைப் புதைத்த வீட்டில்தான் அதன் வாரிசுகளும் குடியிருந்தார்கள். அப்போது அழுதவர்கள் மிகச் சிலர். உழவர் யாரும் அழுததாகத் தெரியவில்லை. அது தம்முடைய உரிமை என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சொல்லாததன் விலையை இன்று காண்கிறோம். தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் உண்டு: 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். 2013இல் நாடாளுமன்றம் புதிய நில எடுப்புச் சட்டத்தை இயற்றியது. அது சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தனியார் நிறுவனங்களுக்காக எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் எண்பது விழுக்காட்டினரின் ஒப்புதலைக் கேட்டது. பாசனமுள்ள பலபோக நிலத்துக்கு வரம்பு வைத்தது. பட்டா இல்லாத குத்தகைதாரரையும் கூலியாளையும் முதன்முறையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது.

தமிழக அரசு என்ன செய்தது? 2014இல் 105ஏ என்றொரு பிரிவைச் சேர்த்துத் தன் மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. இழப்பீடும் மறுவாழ்வும் பற்றிய விதிகளை மட்டும் ஏற்று, மதிப்பீடும் ஒப்புதலும் வேண்டாம் என்றது. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லாவென்றது. சில மாதங்களுக்குள் சட்டமன்றம் அவற்றை 2013 செப்டம்பர் முதல் முன்தேதியிட்டு உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அந்த உயிர்ப்பைச் செல்லும் என்றது. தொடங்கிவைத்தது அதிமுக அரசு. அதே கருவியைத் தடையின்றிக் கையிலெடுத்தது 2021இல் வந்த திமுக அரசு. 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் போதிய விவாதமின்றிப் பேரவையில் நிறைவேறியதையும் சேர்த்துக்கொள்க. சட்டம் இயற்றுவதில் நம் இரு பெருங்கட்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தேடுகிறவர்கள் நிலச் சட்டங்களின் பக்கம் வராமலிருப்பது நல்லது.

ராஜாஜியை இன்று தம் பாட்டனாராக அறிவித்துக்கொள்ளும் தேசியப் பழமைவாதிகளின் கணக்கும் அழகாயில்லை. 2013இன் சட்டத்திலிருந்து தொழில் வழித்தடம் உள்ளிட்ட ஐந்து வகைத் திட்டங்களுக்கு ஒப்புதலும் மதிப்பீடும் வேண்டாமென்று விலக்களிக்க, 2014 டிசம்பர் முதல் 2015 மே வரை மும்முறை அவசரச் சட்டம் பிறப்பித்தது அவர்களுடைய மத்திய அரசு. உழவர்களின் எதிர்ப்பால் 2015 ஆகஸ்டில் அது காலாவதியாயிற்று. படத்துக்கு மாலை போடுவதற்கு ஒப்புதல் தேவையில்லை என்பதால் அதுமட்டும் தொடர்கிறது.

*

எங்களுக்கு வரக்கூடிய மறுப்புகள் தெரிந்தவையே. நிலம் எடுக்காமல் ஓசூர் ஏது என்பது முதல் மறுப்பு. நியாயமானது. 1970களில் இங்கே சிப்காட் வந்திராவிட்டால், பஞ்சம் பிழைக்கப் பெங்களூருக்குப் போகும் மாவட்டமாகவே இது இருந்திருக்கும். ஆலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழை பொய்த்த புன்செயைப் பிடித்துக்கொண்டு தொங்குவது புனிதம் என்றும் சொல்லவில்லை. மதிப்பீடு செய், கிராம சபையில் அவையறியச் சொல், ஒப்புதல் கேள் என்பது ஆலையை விரட்டும் கோரிக்கையா? ஒப்புதல் கேட்டால் கிடைக்காது என்று அரசு அஞ்சுமானால், அந்த அச்சமே திட்டத்தைப் பற்றிய அரசின் சொந்த மதிப்பீடு.

இரண்டாவது மறுப்பு, ராஜாஜியின் வழியில் நின்றே வரக்கூடியது: அரசு விலகிக்கொள்ளட்டும், நிறுவனம் உழவனிடம் நேரே வாங்கட்டும். ஓசூர் வட்டாரத்தில் வீட்டுமனைத் தரகரைக் கண்டவர் எவரும் இதை நம்பமாட்டார். பக்கத்து நிலத்தை வாங்கி, வழியை அடைத்து, பிறகு வந்து விலை பேசும் சந்தை அது. இவ்விடத்தில் ராஜாஜியிடம் விடையில்லை. அவருடைய சித்திரத்தில் ஒருபுறம் அரசு, மறுபுறம் உழவன். நடுவில் நிற்கும் தரகன் அதில் இல்லை. பட்டாவே இல்லாமல் மூன்று தலைமுறையாக அதே வயலில் களையெடுத்த தாழ்த்தப்பட்ட குடும்பமும் இல்லை. நிலம் போனால் பட்டாதாரர் தொகை பெறுவார். களையெடுத்தவள் எதையும் பெறாள். சொத்துரிமை என்ற சொல்லுக்குள் அவளுக்கு இடம் செய்யாத எந்தப் பழமைவாதமும் உத்தனப்பள்ளிக்குப் பாதிவழிதான் வரும்.

ஆகவே எங்கள் கட்சி இது. ராஜாஜியின் கேள்வி சரியானது. அவருடைய விடை போதாது. அவருடைய நடைமுறை அந்தக் கேள்விக்கே துரோகம். மூன்றையும் ஒருசேரச் சொல்ல நம் சூழலுக்குத் துணிவு வேண்டும். முதல் வாக்கியத்தைச் சொன்னால் பார்ப்பனச் சார்பு என்பார்கள். மூன்றாவதைச் சொன்னால் நன்றி கெட்டவர் என்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் ஒருவருக்கும் பிடிக்காது. இவ்வச்சத்தினாலேயே, இந்த நாட்டின் நிலச் சட்டங்கள் பற்றி ஒரு நல்ல தமிழ்க் கட்டுரையைக்கூட நம்மால் எளிதில் சுட்டிக்காட்ட முடியவில்லை. பூக்கோவையும் தெரிதாவையும் பக்கம் பக்கமாகப் பெயர்த்த நம் சிற்றிதழ்கள், பதினேழாம் திருத்தம் தமிழ் உழவனுக்கு என்ன செய்தது என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால், அதிகாரம் பற்றி அவர்கள் சொன்னதும் கூடுதலாக விளங்கியிருக்கும்.

பதினேழாம் திருத்தத்தில் ஒரு சிறு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. உச்சவரம்புக்கு உட்பட்டு ஒருவன் தானே பயிரிடும் நிலத்தை அரசு எடுத்தால், சந்தை மதிப்புக்குக் குறையாமல் தரவேண்டும் என்கிறது அது. எதிர்ப்பின் வெப்பத்தில் நாடாளுமன்றம் உழவனுக்குத் தந்த சலுகை என்றே அதை வாசிக்கத் தோன்றுகிறது. சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து போன பின்னும் அந்த வரி அரசியல் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. வாதிட்டவர் மறைந்தார், கட்சி கரைந்தது, உரிமை போயிற்று, வரி மட்டும் எஞ்சியது. ஒரு சட்டமன்றக்காரனின் எதிர்ப்பு வீண்போவதில்லை என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

அடுத்த டிசம்பரில் தொரப்பள்ளி நினைவில்லத்துக்கு மாலையோடு வருகிறவர்களிடமும், அன்றே அவரைத் திட்டி எழுத உட்காருகிறவர்களிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இராயக்கோட்டைச் சாலையில் இன்னும் சில மைல் போய்விட்டு வாருங்கள். உங்கள் கட்டுரையை அதன் பிறகு எழுதுங்கள்.